திண்டுக்கல் சமவெளியில் தூரிகையுடன் நான்கு நாட்கள்

திண்டுக்கல் என்றதும் வெளியூர் அன்பர்கள் பூட்டைச் சொல்வார்கள், புகையிலையைச் சொல்வார்கள், இக்காலத்துப் பிள்ளைகளோ பிரியாணியைச் சொல்லிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவார்கள். இந்நகரைச் சூழ்ந்து கிடக்கும் சமவெளியின் அழகைப் பற்றிப் பேசுவார் அரியர். கொடைக்கானலுக்கு ஏறுவோர்க்கு இது கடந்து செல்லும் வழி. பழனிக்கு நடப்போர்க்கு இது வெயில் சுடும் பாதை. இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கோ, நாள்தோறும் கண்ணில் படுவதாலேயே கண்ணுக்குத் தெரியாமற்போன ஒன்று. இந்தச் சமவெளியைக் காண்பதற்கென்றே நான்கு நாட்களை ஒதுக்கி, தாளும் தூரிகையும் கொண்டு சென்றுவந்தோம் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

மாசி மாதத்தில், தவக்காலம் தொடங்கிய பின்னர், இந்தப் பயணம் அமைந்தது. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்று, பல்லாண்டுகளாக வெட்டவெளியில் அமர்ந்து இயற்கைக் காட்சிகளைத் தீட்டிவரும் ஓவியர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டமையால் இங்கு அவரை ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறோம். சென்றவர்கள் 11 பேர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைகள் இருவர், கன்னியர் மடத்துச் சகோதரி ஒருவர், தம் மகனைப் பிடிவாதமாக இழுத்துவந்த தாய் ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, பூட்டுப் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் அரம் பிடித்த பெரியவர் ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள். ஓவியர் என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை.

நம் நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் வரையும் படம் ஒன்று உண்டு. இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே எழும் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, கரையில் ஓர் ஓட்டு வீடு, அதன் பக்கத்தில் ஒரு தென்னை. ஆசிரியர் அப்படத்தைக் கரும்பலகையில் வரைந்துகாட்டி, "இது எந்த ஊர்?" என்று கேட்டார். எவராலும் விடை சொல்ல இயலவில்லை. "எந்த ஊரும் இல்லை. நாளைக் காலை முதல் நாம் வரையப்போவது ஓர் ஊரை" என்றார். அவ்வளவுதான் அன்றைய முன்னுரை.

ஒவ்வொருவருக்கும் அவர் கொடுத்தவை மிகச் சில. அஞ்சலட்டை அளவிலான தடித்த தாள்கள், ஒரு பென்சில், இரண்டு தூரிகை, ஒரு கந்தல் துணி, நடுவில் சிறு சன்னல்போல் வெட்டப்பட்ட ஓர் அட்டை. வண்ணங்கள் மூன்றே மூன்று: அல்ட்ராமரீன் நீலம், யெல்லோ ஓக்கர் என்னும் மஞ்சட்காவி, பர்ன்ட் சியன்னா என்னும் சுட்ட செங்காவி. பச்சை இல்லையே என்று ஆசிரியை ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். நீலத்தையும் மஞ்சட்காவியையும் கலந்தால் வரும் மங்கிய பச்சையே நம் சமவெளியின் பச்சை என்றும், கடையில் விற்கும் பளிச்சென்ற பச்சை இங்கே எந்த மரத்திலும் இல்லை என்றும் அவர் விளக்கினார். சாலையோரத்துப் புளியமரத்தையும் வேலமரத்தையும் ஒருமுறை உற்று நோக்கினால் அது எத்துணை உண்மை என்பது விளங்கும்.

அஞ்சலட்டை அளவை அவர் தேர்ந்தமைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1919-இல் சாந்திநிகேதனத்தில் தொடங்கப்பெற்ற கலாபவனத்தை நெடுங்காலம் நடத்திய நந்தலால் போஸ், தாம் கண்டவற்றை எல்லாம் அஞ்சலட்டைகளில் வரைந்து மாணவர்க்கும் நண்பர்க்கும் அனுப்பும் வழக்கம் உடையவர். மாணவர்களைச் சுவர்களுக்குள் அடைத்துவைக்காமல் வயல்வெளிக்கும் சிற்றூர்களுக்கும் கூட்டிச்சென்றவர். அமெரிக்காவிலும் இத்தகைய பள்ளி ஒன்று இருந்தது. வில்லியம் மெரிட் சேஸ் என்னும் ஓவியர் 1891 முதல் 1902 வரை லாங் தீவில் கோடைதோறும் வெட்டவெளி வகுப்பு நடத்தினார். வாரம் முழுவதும் மாணவர் தீட்டிய படங்களைத் திங்கட்கிழமை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி, நிறைகுறைகளைச் சொல்வாராம். ஓர் ஓவியரின் பின்னே சென்று வெளியில் அமர்ந்து கற்கும் இந்த முறை இவ்வளவு பரவியதற்கு ஒரு சின்னஞ்சிறு பொருளும் காரணம். அதுவரை எண்ணெய் வண்ணங்களைப் பன்றியின் சவ்வுப் பையில் கட்டி வைத்திருந்தனர்; பிரித்தால் விரைவில் காய்ந்துபோகும். 1841-இல் ஜான் ரேண்ட் என்பார் அழுத்திப் பிதுக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வண்ணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காட்டுக்கும் கடற்கரைக்கும் செல்வது எளிதாயிற்று.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, மலைக்கோட்டையைத் தொலைவில் நோக்கியவாறு ஒரு குளத்தங்கரையில் அமர்ந்தோம். இப்பாறையின் மீது 1605-இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை எழுப்பத் தொடங்கினார். பின்னர் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்டனர். அதற்குப் பின் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வரலாறு கற்ற ஆசிரியைகள் இவற்றை எல்லாம் சொல்லத் தொடங்கியபோது, "கோட்டையை மறந்துவிடுங்கள்; கல்லைப் பாருங்கள்" என்று ஆசிரியர் இடைமறித்தார்.

பாறையைப் புதிதாக வரைவோர் அனைவரும் அதை உயரமாகவே வரைவார்களாம். நிமிர்ந்து பார்த்தே பழகிய மனம் அதை ஒரு கோபுரமாக எண்ணிக்கொள்கிறது. கையை நீட்டி, பென்சிலைப் படுக்கையாகவும் நெடுக்காகவும் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்தால் உண்மை புலப்படும். உயரத்தைவிட அகலம் பன்மடங்கு. திண்டுபோல் கிடக்கும் கல் என்பதால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர்; பெயரிட்டவர்கள் நன்றாகப் பார்த்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள்.

வண்ணமும் அப்படியே. பாறை என்ன நிறம் என்று கேட்டால் கருப்பு என்போம், அல்லது சாம்பல் என்போம். ஆறரை மணிக்கு அது நீலம் கலந்த சாம்பலாக இருந்தது. சிறுமலைக்கு மேலே கதிரவன் எழுந்ததும் ஒரு விளிம்பு இளஞ்சிவப்பாயிற்று. எட்டு மணிக்குச் செங்காவி, பத்து மணிக்கு நிழலே இல்லாத வெளுப்பு. நீலத்தையும் சுட்ட செங்காவியையும் வெவ்வேறு அளவில் கலந்து, அந்த இரண்டே வண்ணத்தில் இத்தனை மாற்றங்களையும் பிடிக்கலாம் என்று அவர் செய்துகாட்டினார். ஒவ்வோர் அட்டைக்கும் இருபதே நிமிடம். அதற்குமேல் ஒரே படத்தில் உழன்றால், ஆறரை மணி நிழலும் ஏழரை மணி வெளிச்சமும் ஒரே தாளில் கலந்து பொய்யாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். நம் ஊர் வெயிலில் வேறொரு தொல்லையும் உண்டு. நீர்வண்ணம் தாளில் பட்ட சிறிது நேரத்திலேயே காய்ந்துவிடும். காய்ந்தபின் சற்று வெளுத்தும்விடும். ஆகவே வானத்துக்கு ஒரு தூரிகை, வெறும் தண்ணீருக்கு ஒரு தூரிகை என்று இரண்டையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக விரைந்து செல்லவேண்டும். ஆடிக் காற்றில் இந்த வேலையே நடவாது, தாள் பறந்துவிடும். தை, மாசிக் காலைகளே ஏற்றவை.

பூட்டுக்காரப் பெரியவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவர் மாங்காய்ப் பூட்டு செய்தவர். மயிரிழை அளவுக்கு அரம் தேய்த்துப் பழகிய கைகள் ஆதலால் அவர் போட்ட கோடு எங்கள் எல்லோருடையதைக் காட்டிலும் உறுதியாக இருந்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அத்தொழிலைக் கற்க இளைஞர் வருவதில்லை என்று அவர் வருந்தினார். அவர் ஓவியம் கற்க வந்த காரணம் வேறு. கண்ணின் நீர் அழுத்தத்தால் அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வருகிறது. இழந்த பார்வை மீளாது, இருப்பதைக் காக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "இருக்கிற வரைக்கும் ஒழுங்காப் பாத்துக்கிடுவோமேன்னு வந்தேன்" என்றார், பென்சிலைச் சீவியபடி.

அப்போது ஆசிரியர் மதுரை மனோகர் தேவதாஸைப் பற்றிக் கூறினார். 1936-இல் மதுரையில் பிறந்த அவர், மதுரையின் வீதிகளையும் கோயில்களையும் சுற்றுப்புறத்தையும் கருப்பு மையில் நுண்ணிய கோடுகளால் வரைந்தவர். விழித்திரை நோயால் அவர் பார்வை ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே போயிற்று. அவருடைய துணைவியார் மகிமா, 1972-இல் நேர்ந்த சாலை விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். கணவர் மனைவிக்குக் கைகால் ஆனார்; மனைவி அவருடைய பணிக்கு ஊக்கமும் உறுதுணையும் ஆனார். வலிமை மிகுந்த கண்ணாடிகளின் துணையோடு அவர் தொடர்ந்து வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2022 டிசம்பரில் காலமானார். பெரியவர் இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. அட்டைச் சன்னலை எடுத்து மலைக்கோட்டையை அதற்குள் பொருத்திப் பார்த்தார். "எனக்கு இந்த அட்டையே வேண்டாம் போல. என் கண்ணே இப்ப இப்படித்தானே காட்டுது" என்று சிரித்தார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆத்தூர் சென்றோம். பழனிமலையின் அடிவாரத்தில், திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் காமராசர் அணையின் கரை அது. தவக்கால வெள்ளியாதலால் தாய்மார்கள் எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் கட்டிவந்திருந்தனர். உண்மையைச் சொன்னால், ஓவியத்தைவிட அந்த உணவே சிலரை அவ்வளவு தூரம் நடத்திச் சென்றது.

ஆத்தூரை அவர் தேர்ந்தது வெறும் அழகுக்காக அன்று. தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1786-இல் இந்தியா வந்தனர். இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது வில்லியமுக்கு வயது 16. சிற்றப்பனே ஆசான், பாதையே பள்ளி. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதே ஆண்டில் அவ்விருவரும் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர் மலைக்கோட்டைகளைக் கண்டு, திண்டுக்கல் வழியாக மதுரைக்கும் அதற்கும் தெற்கே குமரிமுனைப் பக்கத்துக்கும் சென்றனர். காட்சியைத் தாளின்மீது விழச்செய்யும் இருட்டுப் பெட்டி ஒன்றையும் உடன் கொண்டுசென்றனர். நாடு திரும்பியபின் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப் படங்களில், திண்டுக்கல் சீமையின் ஆத்தூர் அருகே கண்ட காட்சியும் ஒன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் ஆத்தூர் இலண்டன் மாளிகைச் சுவர்களில் தொங்கியிருக்கக்கூடும். ஆத்தூர்க்காரர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவர்கள் வென்றவர்களின் கண்ணோடு வந்தவர்கள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் மலையின் வரம்பையும் மரத்தின் வடிவையும் அவ்வளவு பொறுமையோடு அமர்ந்து பார்த்தார்கள் என்பது உண்மை. இதே மலையின் மேலே, 1895-இல் தோன்றிய செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில், வேறொரு கண் இருந்தது. பிரான்சு நாட்டு இயேசு சபைத் துறவி லூயி ஆங்கிலாது அடிகளார் பழனிமலைச் செடிகொடிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இதழும் நரம்பும் பிழையாமல் நீர்வண்ணத்தில் தீட்டினார். அவருடைய பெயரால் ஓர் இயற்கை வரலாற்று நிறுவனம் இன்றும் செண்பகனூரில் உண்டு. வயல்வெளி மலர்களைக் கவனிக்கச் சொன்னார் நம் ஆண்டவர். அச்சொல்லை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவர் இவர் என்று சகோதரி கூறியபோது அனைவரும் தலையசைத்தோம்.

அணைக்கரையில் கற்ற பாடம் தொலைவைப் பற்றியது. அருகிலுள்ள தென்னந்தோப்பு பச்சை. அதற்கப்பால் உள்ள குன்று நீலம் தோய்ந்த பச்சை. அதற்கும் பின்னே நிற்கும் மலை வெறும் நீலம். கடைசி வரிசை வானத்தோடு கரைந்துபோகும் வெளிர்நீலம். மரங்கள் எல்லாவற்றிலும் பச்சைதான். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடித்து நீலத்தை நிரப்பிவிடுகிறது. ஆகவே தொலைவை வரைவது என்றால் காற்றை வரைவது என்றார் ஆசிரியர். தாயால் இழுத்துவரப்பட்ட மகன், அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்தவன், அன்று நான்கு அட்டைகள் வரைந்தான். பிளஸ் டூ எழுதப்போகும் பிள்ளை ஓவியத்தில் காலத்தை வீணாக்குவதா என்று உறவினர் ஒருவர் முன்தினம் கடிந்துகொண்டாராம். நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாட்டுப் போட்டிக்கும் மறைக்கல்வித் தேர்வுக்கும் பரிசு தரும் நாம், வரைகிற பிள்ளையை மட்டும் ஏன் சும்மா இருக்கும் பிள்ளை என்று கருதுகிறோமோ! ஓவியரான ஆஞ்சலிக்கோ அடிகளாரை 1982-இல் முத்திப்பேறு பெற்றவராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். 1984-இல் கலைஞர்களின் பாதுகாவலராகவும் ஆக்கினார். திருச்சபை அவ்வளவு மதித்த பணியை நம் வீட்டுக் கூடத்தில் சற்று மதித்தால் என்ன?

சனிக்கிழமை நாங்கள் சென்ற இடம் எவரும் படமெடுக்க நிற்காத இடம். நகரின் புறத்தே, தோல் பதனிடும் ஆலைகளுக்கு அணித்தான ஒரு சிற்றூர். ஊரின் ஓரத்தில் வெள்ளையடித்த சிற்றாலயம். அதன் பின்னே பாழ்நிலமும் ஒரு பெரிய கிணறும். வெள்ளைச் சுவரின் நிழல் நீலமாக இருப்பதைக் காட்டுவதற்காகத்தான் ஆசிரியர் முதலில் அங்கே கூட்டிச்சென்றார். சிலர் ஆலயத்தை வரைந்தனர். கல்லூரி மாணவி மட்டும் கிணற்றோரம் சென்று அமர்ந்தாள். கற்படிகளும், சுவரில் முளைத்த அரசங்கன்றும், அடியில் தேங்கிய நீருமாக அவள் படம் அழகாக உருவாயிற்று.

ஆடு மேய்த்துவந்த முதியவர் ஒருவர், கம்பை ஊன்றி நின்று நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம் பாப்பா, தண்ணி நீலமாவா இருக்கு?" என்றார்.

மாணவி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பழுப்பாக இருந்தது. மேலே நுரைபோல் ஒரு படலம். அவள் கண்ணுக்கு அதுவரை அது படவே இல்லை. தண்ணீர் என்றால் நீலம் என்று கை தானே தீட்டிவிட்டிருந்தது.

தோலைக் கெடாமல் வைக்கத் தடவும் உப்பும், பதனிடும் இரசாயனங்களும் கழிவுநீரோடு மண்ணில் இறங்கி, இப்பகுதியில் கிணறுகள் பல கெட்டுப்போன கதை நம் வாசகர்களில் பலர் வாழ்ந்து அறிந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வேலூர்ப் பகுதியோடு நிற்கவில்லை. அது பெயர் சொன்ன ஐந்து மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. கழிவைச் சுத்திகரிக்காத ஆலைகள் இயங்கலாகாது என்று ஆயிற்று. ஆயினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு, தீர்ப்பைக் கேட்டுத் திரும்பி வந்துவிடுவதில்லை. மற்றொரு பக்கத்தையும் நேர்மையோடு சொல்லவேண்டும்: அதே ஆலைகளில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரிக்க முடியாது என்பதையே விரிவாகப் பேசுகிறது. அதைப் படிக்கும்போது எளிதாகத் தோன்றிற்று. அந்தக் கிணற்றடியில் நின்றபோது அவ்வளவு எளிதாக இல்லை.

மாணவி வேறோர் அட்டையை எடுத்தாள். நீலத்தைக் கழுவிவிட்டு, மஞ்சட்காவியையும் செங்காவியையும் கலந்தாள். ஆசிரியர் அருகில் வந்து பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. முதியவர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றி நோக்கினார். நீலப் படம் வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. தாம் இளைஞராய் இருந்தபோது இதே கிணற்றில் கவலை கட்டி இறைத்ததையும், இளநீர்போல் இனித்த அந்த நீரில் நெல்லும் வாழையும் விளைந்ததையும் சொல்லிவிட்டு, "அதையும் ஒண்ணு போட்டுக் குடு பாப்பா" என்றார்.

அவள் தயங்கி ஆசிரியரை நோக்கினாள். காண்பதை மட்டுமே வரையவேண்டும் என்பது நான்கு நாட்களுக்கும் அவர் வைத்த ஒரே சட்டம். "அதை நாம் யாரும் பார்த்ததில்லையே, ஐயா" என்றார் அவர். பிறகு ஓர் அட்டையையும் பென்சிலையும் எடுத்து முதியவரிடமே நீட்டினார். "பார்த்தவர் நீங்கள்தான். நீங்களே போடுங்கள்."

தமக்குக் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் போடத் தெரியாது என்று அவர் மறுத்தார். கம்பைப் பூட்டுக்காரப் பெரியவர் வாங்கி வைத்துக்கொண்டார். ஆடுகள் ஆலய நிழலுக்குச் சென்று படுத்தன. படியில் அமர்ந்து, அட்டையை முழங்காலில் வைத்து, முதலில் கிணற்றின் வாயை வரைந்தார். அதன்மேல் இரண்டு தூண், தூணுக்கிடையே உருளை, அதிலிருந்து இறங்கும் வடம், வடத்தின் முனையில் சால், சாலின் கீழே தொங்கும் தோல் தும்பி. மாடுகள் பின்னோக்கி ஏறி முன்னோக்கி இறங்கும் சரிவுக்கு ஒரே சாய்ந்த கோடு. மாடுகளின் கால் எங்கே ஊன்றும் என்பதை மட்டும் மூன்று முறை அழித்தழித்து வரைந்தார். இருபது நிமிடச் சட்டத்தை அன்று எவரும் நினைவூட்டவில்லை.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்தில் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கவ்விகளால் எங்கள் அட்டைகளைத் தொங்கவிட்டோம். மலைக்கோட்டை மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தது. ஒன்றுபோல் ஒன்று இல்லை. மக்கள் தங்கள் ஊரையும் தெருவையும் அடையாளம் கண்டு கூவினர். பழுப்புக் கிணற்றின் முன் சிலர் நின்று, எந்த ஊர்க் கிணறு என்று கேட்டனர்; கேட்டவர்களில் இருவர் அதன் பெயரைத் தாமே சொல்லிவிட்டனர். அதற்கு அடுத்த கவ்வியில் முதியவரின் கவலை ஏற்றம் தொங்கிற்று. மாட்டுக்கு வாலை மறந்துவிட்டார் என்று ஒரு சிறுமி சுட்டிக்காட்டினாள். முன்வரிசையில் வந்து நின்றிருந்த அவர் பென்சில் கேட்டு வாங்கி, கயிற்றில் தொங்கியபடியே அட்டையைப் பிடித்து, இரண்டு வாலையும் வரைந்துவிட்டுப் போனார்.